இரண்டு வேலைக் கடிதங்களும் வீட்டில் தூங்கும் இரவுகளும்

ஒரே வாரத்தில் இரண்டு விமான நிறுவனங்களிலிருந்து எனக்கு பைலட் வேலைக் கடிதம் வந்தது. ஒன்று எல்லோருக்கும் பெயர் தெரிந்த பெரிய நிறுவனம். இன்னொன்று அதைவிட மிகச் சிறியது, ஒரே வகை விமானத்தை மட்டும் வைத்து ஓட்டுவது. பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம். நண்பர்களிடம் சொன்னபோது, நான் பேசி முடிப்பதற்குள்ளேயே பெரும்பாலானவர்கள் பெரிய நிறுவனம்தான் என்றார்கள். சம்பளம் அங்கே ஐந்தில் ஒரு பங்கு அதிகம். பிற்காலத்தில் கடல் தாண்டிப் போகும் பெரிய விமானங்களுக்கு மாறலாம். நிறுவனம் நொடித்துப் போய்விடுமோ என்ற பயமும் குறைவு. இவை எல்லாமே உண்மைதான்.

ஆனால் நான் பேஸில் குடியிருக்கப் போவதில்லை. அந்த ஒரு விஷயம் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடுகிறது.

பேஸ் என்றால் ஒரு பைலட்டின் டியூட்டி தொடங்கி முடியும் விமான நிலையம். அங்கே வந்து சேர்வது அவரவர் பாடு. அமெரிக்க நிறுவனங்களில் ஏராளமான பைலட்டுகள் வீட்டை ஓர் ஊரிலும் பேஸை இன்னோர் ஊரிலும் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போவதற்கே ஒரு விமானம் பிடித்துப் போகிறார்கள். இதைத்தான் கம்யூட்டிங் என்கிறோம். அந்தப் பயணத்துக்குச் சம்பளம் கிடையாது. சட்டத்தின் பார்வையில் அது டியூட்டியும் இல்லை, ஓய்வு நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதாவது, டியூட்டிக்கு முன்னால் உங்களுக்குக் கொடுக்கப்படும் 10 மணி நேர ஓய்வில், வேறொரு விமானத்தில் ஒடுங்கி உட்கார்ந்து கழிக்கும் நாலு மணி நேரமும் சேர்த்தி.

குடும்பத்தோடு இடம் மாறிவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மனைவியின் வேலை அப்படி எடுத்துக்கொண்டு போகக்கூடியது அல்ல. மாமியாரின் சிகிச்சையும் இந்த ஊரில்தான் நடக்கிறது. இடம் மாறுவதில்லை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகுதான் இரண்டு கடிதங்களையும் பிரித்துப் படித்தோம். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டு "போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பியவர்கள் நாலு வருடம் கழித்தும் பார்த்துக்கொண்டே இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பெரிய நிறுவனம் கொடுத்த பேஸ், எல்லோரும் விரும்பிக் கேட்கும் நகரம். என் ஊரிலிருந்து அங்கே நேரடி விமானம் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் வேறொரு நிறுவனத்துடையது. அதைத் தவறவிட்டால் நடுவில் ஒரு பெரிய நிலையத்தில் இறங்கி மாறிப் போக வேண்டும். சிறிய நிறுவனத்தின் பேஸை யாரும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. ஆனால் என் ஊரிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பறத்தல். மூன்று நிறுவனங்கள் சேர்ந்து நாளுக்கு எட்டு விமானங்கள் விடுகின்றன, அவற்றில் மூன்று நான் சேரப்போகும் நிறுவனத்தின் விமானங்கள்.

வழியில் இருக்கும் காலி இருக்கை

கம்யூட் செய்பவருக்கு வேலையின் முதல் பகுதி இந்த வழிதான். டிக்கெட் வாங்கிப் போவதில்லை. பயணிகள் எல்லோரும் ஏறிய பிறகு காலியாக இருக்கும் இருக்கையில் ஸ்டாண்ட்பையாகப் போகலாம். அதுவும் இல்லையென்றால் ஜம்ப்சீட், அதாவது காக்பிட்டுக்குள் பைலட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் கூடுதல் இருக்கை. வேறு நிறுவனத்தின் ஜம்ப்சீட்டில் உட்கார, இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும், உங்கள் அடையாளத்தைக் கணினியில் சரிபார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த விமானத்தின் கேப்டன் சம்மதிக்க வேண்டும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மற்ற நிறுவன பைலட்டுகளுக்கு இந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. அந்தச் சரிபார்ப்பு முறை வந்த பிறகுதான் மறுபடி திறந்தது.

ஜம்ப்சீட் விமானத்துக்கு ஒன்று அல்லது இரண்டுதான். அதற்கும் வரிசை உண்டு. அந்த விமானத்தின் சொந்த நிறுவன பைலட்டுக்கு முதல் இடம், வெளியார் அப்புறம். நீங்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து கேட்டில் நின்றிருந்தாலும், கடைசி நிமிடத்தில் அந்த நிறுவனத்தின் சொந்த ஆள் ஓடி வந்தால் நீங்கள் இறங்கி நிற்க வேண்டியதுதான். அதில் யார்மேலும் வருத்தப்பட ஒன்றும் இல்லை, அது அவர்களுடைய வீடு. ஆனால் முடிவெடுக்கும்போது இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் பேஸுக்கு நான் எப்போதுமே வெளியாள். சிறிய நிறுவனத்தின் பேஸுக்கு எட்டில் மூன்றில் நான் வீட்டு ஆள்.

வானிலை கெட்ட நாளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். இறங்க வேண்டிய இடத்தில் மேகம் தாழ்ந்திருந்தால், மாற்று நிலையத்துக்கும் சேர்த்து எரிபொருள் ஏற்றுவார்கள். எடை கூடும். எடை கூடினால் முதலில் இறக்கப்படுவது டிக்கெட் இல்லாமல் போகிறவர்கள்தான். இருக்கை காலியாக இருக்கும், ஆனால் உங்களை ஏற்ற முடியாது. நாளுக்கு எட்டு விமானம் இருக்கும் வழியில் இது ஒன்றரை மணி நேரத் தாமதம். நாளுக்கு ஒரே விமானம் இருக்கும் வழியில் இது ஒரு நாள்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வேலை செய்தேன். இரண்டு வாரம், தினமும் காலையும் மாலையும், இரண்டு வழிகளிலும் விமானங்கள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று குறித்து வைத்தேன். விடுமுறைக் காலத்தில் ஒரு வார இறுதியும் அதில் விழுந்தது. பெரிய நிறுவனத்தின் பேஸ் சுற்றுலா நகரம் என்பதால் அந்த ஒற்றை விமானம் வெள்ளியும் ஞாயிறும் தளும்பத் தளும்ப நிரம்பியது. நடுவில் மாறிப் போகும் வழியிலும் இரண்டாவது கட்டம்தான் சிக்கல். முதல் விமானத்தில் இடம் கிடைத்துப் பாதி வழியில் மாட்டிக்கொள்வது, வீட்டிலேயே மாட்டிக்கொள்வதைவிட மோசம். சிறிய நிறுவனத்தின் வழியில் அந்த வார இறுதியிலும் ஏதாவது இரண்டு விமானத்தில் இடம் இருந்தது. வேலைக் கடிதம் கையில் இருக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் குறிப்பு எடுக்கும் வேலையைத்தான். சம்பளப் பட்டியலை யார் வேண்டுமானாலும் அனுப்பிவிடுவார்கள். இதை நீங்களேதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ரிசர்வ் என்ற காத்திருப்பு

புதிதாகச் சேரும் பைலட்டுக்கு முதலில் ரிசர்வ்தான். யாராவது வராமல் போனால் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் ஆள். இதில் இரண்டு வகை உண்டு. ஷார்ட் கால் என்றால் கூப்பிட்ட சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து நிற்க வேண்டும், அமெரிக்க விதிப்படி அப்படிக் காத்திருக்கும் நேரம் ஒரு தடவைக்கு 14 மணி நேரம் வரை நீளலாம். லாங் கால் என்றால் கிளம்புவதற்கு முன் குறைந்தது 10 மணி நேர ஓய்வு கொடுத்தாக வேண்டும், அதனால் வீட்டிலிருந்தே போனுக்குக் காத்திருக்க முடியும். பேஸிலேயே வாழ்பவருக்கு ஷார்ட் கால் என்பது சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்திருப்பது. கம்யூட் செய்பவருக்கு அது, முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேரோடு வாடகை பகிரும் க்ராஷ் பேடில் அடுக்குக் கட்டிலில் கிடப்பது. ஒரு நாள் முழுக்க யாருமே கூப்பிடாவிட்டாலும் அந்த நாள் வீட்டில் கழித்த நாள் ஆகாது.

எத்தனை மாதம் ரிசர்வில் இருப்போம் என்பதைச் சீனியாரிட்டி தீர்மானிக்கிறது. இந்தத் தொழிலில் எல்லாமே சேர்ந்த தேதியை வைத்துத்தான்: எந்த பேஸ், எந்த விமானம், எந்த மாத அட்டவணை, எப்போது விடுப்பு. எல்லோரும் விரும்பும் பேஸில் மூத்தவர்கள் குவிந்திருப்பார்கள், புதியவர் மேலே வர நாளாகும். யாரும் விரும்பாத பேஸில் ஆட்கள் கிளம்பிப் போய்க்கொண்டே இருப்பார்கள், பின்னால் வருபவர் சீக்கிரம் முன்னேறுவார். பெரிய நிறுவனத்தின் அந்த பேஸில் ரிசர்விலிருந்து வெளியே வர இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். சிறிய நிறுவனத்தில் ஆறு மாதம்.

ஒரு சாயங்காலம் மனைவியும் நானும் காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதத்தில் வீட்டில் தூங்கும் இரவுகளை எண்ணினோம். இரண்டு நிறுவனத்திலும் ரிசர்வில் 18 நாள் வேலை, 12 நாள் ஓய்வு. அந்த 12 நாளும் மூன்று மூன்றாக நாலு துண்டாக வரும் என்று வைத்துக்கொண்டோம்.

பெரிய நிறுவனத்தில் ரிசர்வ் மாலையில் முடியும், அதற்குள் ஒற்றை விமானம் போயிருக்கும். ஆகவே மறுநாள் கிளம்பி மதியம் வீடு. அந்த இரவும் அடுத்த இரவும் வீட்டில். மூன்றாம் நாள் மதியம் திரும்பக் கிளம்பியாக வேண்டும், ஏனென்றால் அடுத்த நாள் விடியற்காலை நாலு மணிக்கு ரிசர்வ் தொடங்கிவிடும். மூன்று நாள் ஓய்வுக்கு இரண்டு இரவு. மாதத்துக்கு 8.

சிறிய நிறுவனத்தில் அதே ரிசர்வ் முடிந்ததும் இரவு விமானத்தில் வந்துவிடலாம், மூன்றாம் நாள் சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போகலாம். மூன்று நாள் ஓய்வுக்கு மூன்று இரவு. மாதத்துக்கு 12. விதிகள் ஒன்றே, வேலை நாளும் ஒன்றே. வழி மட்டும்தான் வேறு. அதற்கு மட்டும் மாதம் நாலு இரவு.

ஆறு மாதம் கழித்து சிறிய நிறுவனத்தில் எனக்கென்று ஒரு நிலையான அட்டவணை கிடைத்தால், நாலு நாள் ட்ரிப் மாதத்துக்கு நாலு. நண்பகலில் தொடங்கி நாலாம் நாள் பிற்பகலில் முடியும் ட்ரிப் என்றால், கிளம்பும் அன்று காலை வீட்டிலிருந்தே போகலாம், முடிந்த அன்று இரவே வீடு திரும்பலாம். வெளியே 12 இரவு, வீட்டில் 18. எல்லா ட்ரிப்பும் அப்படி அமையாது. நாலில் இரண்டுக்கு முந்தைய இரவே போக வேண்டும், இரண்டுக்கு ஓர் இரவு தங்கித்தான் வர வேண்டும் என்று கழித்தாலும் 14 மிஞ்சும்.

எட்டா, பதினாலா. அந்த எண்ணைப் பார்த்ததும் மனைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு வருஷம் எட்டு எட்டாவா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அன்று நாங்கள் எதுவும் பேசவில்லை.

தூக்கம் யாருடைய பொறுப்பு

கம்யூட்டிங்கைப் பற்றிப் பேசினால் 2009 பிப்ரவரி 12-ஆம் தேதியைத் தொடாமல் போக முடியாது. நெவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 இறங்கும் நேரத்தில் விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் வீட்டுக்குள் இருந்த ஒருவரும் இறந்தார்கள். ஃபர்ஸ்ட் ஆஃபீசர், அதாவது துணை பைலட், முந்தைய இரவுதான் நாட்டின் மறுகோடியில் இருக்கும் சியாட்டிலில் கிளம்பி, சரக்கு விமானங்களில் மெம்ஃபிஸ் வழியாகக் காலையில் நெவார்க் வந்து சேர்ந்திருந்தார். கேப்டனும் வெளியூரிலிருந்து வந்தவர்தான், க்ரூ அறையில் தூங்கியிருக்கிறார். வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது கேப்டன் செய்த தவறான செயலையே விபத்துக்கான காரணமாக விசாரணை வாரியம் சொன்னது. களைப்பு அவர்கள் திறனைப் பாதித்திருக்கக்கூடும், ஆனால் எந்த அளவுக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதியது. அந்த நிறுவனத்தின் நெவார்க் பேஸில் இருந்த 137 பைலட்டுகளில் 93 பேர் கம்யூட் செய்பவர்கள் என்ற விவரமும் அந்த அறிக்கையில்தான் வந்தது.

அதன் பிறகு ஓய்வு விதிகள் திருத்தி எழுதப்பட்டு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் தொடர்ந்து 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு, வாரத்தில் ஒரு தடவையாவது தொடர்ந்து 30 மணி நேரம் விடுவிப்பு. ஆனால் வீட்டுக்கும் பேஸுக்கும் இடையே இவ்வளவு தூரம்தான் இருக்கலாம் என்று வரம்பு எதுவும் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு விமானத்துக்கும் முன்னால் "நான் பறக்கத் தகுதியான நிலையில் இருக்கிறேன்" என்று பைலட்டே உறுதி சொல்ல வேண்டும். ஐரோப்பிய விதிகளின் வழிகாட்டுதல் ஓர் எண்ணைச் சொல்கிறது: வீட்டிலிருந்து பேஸுக்கு வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் ஆகுமென்றால், பேஸுக்குப் பக்கத்தில் தற்காலிகமாகத் தங்க ஏற்பாடு செய்துகொள்வதைப் பைலட் யோசிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் பொறுப்பு நம்முடையதுதான்.

அந்த உறுதியைச் சொல்லும்போது எனக்குள் குற்ற உணர்ச்சி எழுந்த ஒரு நாள் உண்டு. முன்பு இருந்த வேலையில், காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு விமானம் மாறி பேஸுக்கு வந்து, சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிவிட்டு, மாலையில் டியூட்டி தொடங்கினேன். இரவு பத்தரை மணி சுமாருக்குக் கடைசி விமானத்தில், 5,000 அடியில் நிற்கச் சொன்ன கட்டுப்பாட்டு அறைக்கு 4,000 என்று திருப்பிச் சொன்னேன். கேப்டன் உடனே திருத்தினார். ஒன்றும் ஆகவில்லை. விதிப்படி எனக்குப் போதுமான ஓய்வு இருந்தது. உடம்புக்கோ அது பதினேழரை மணி நேர விழிப்பு. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-இல் ஓர் ஆய்வு வந்தது. குடித்துவிட்டு அந்த இருக்கையில் உட்கார நான் கனவிலும் நினைக்கமாட்டேன். அன்றைக்கு உட்கார்ந்தேன். பின்னால் இருந்த எழுபது பேருக்கு அது தெரியாது.

அதனால், "முந்தைய இரவே போய்த் தூங்கிவிடுவேன்" என்பதை நான் பேரம் பேசாத விஷயமாக வைத்துக்கொண்டேன். காலை டியூட்டி என்றால் முந்தைய இரவு பேஸில். மேலே எண்ணிய எட்டும் பதினாலும் இந்தக் கட்டுப்பாட்டோடுதான். இதைத் தளர்த்தினால் பெரிய நிறுவனத்தின் கணக்கு கொஞ்சம் நன்றாகத் தெரியும். தளர்த்த எனக்கு மனம் வரவில்லை.

கையேட்டில் இருக்கும் ஒரு பத்தி

கம்யூட்டர் பாலிசி என்று ஒன்று பல நிறுவனங்களில் உண்டு. சரியான நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய இரண்டு விமானங்களுக்காவது நீங்கள் முயன்று, இரண்டிலும் இடம் கிடைக்காவிட்டால், முன்கூட்டியே சொல்லிவிட்டால், தண்டனை கிடையாது. அந்த ட்ரிப்பின் சம்பளம் போகலாம், பெயர் கெடாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வாசகத்தைப் படிக்க வேண்டும்.

எனக்கு இது ஒரு பனிக்காலத்தில் புரிந்தது. உறைமழை பெய்த இரவு, முதல் விமானத்தில் இடமில்லை, இரண்டாவது ரத்து. விதிப்படி நாலு மணி நேரம் முன்னால், பைலட்டுகளுக்கு வேலை ஒதுக்கும் பிரிவான க்ரூ ஷெட்யூலிங்குக்குப் போன் செய்து சொன்னேன். அடுத்த வாரம் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையேட்டை எடுத்துப் பார்த்தால், பத்தியின் கடைசியில் "பேஸ் மேலாளரின் முடிவுக்கு உட்பட்டு" என்று நாலு சொல் இருந்தது. அந்த நாலு சொல்லில் பாலிசியே கரைந்து போயிருந்தது.

இந்தத் தடவை இரண்டு நிறுவனத்தின் வாசகத்தையும் வாங்கிப் படித்தேன். பெரிய நிறுவனத்தில் பாலிசி உண்டு, ஆனால் ரிசர்வில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. எனக்கு அது தேவைப்படும் முதல் இரண்டு வருடம் முழுக்க அது இல்லை. முதல் வருடம் புரொபேஷன் வேறு, ஒரு தடவை வராமல் போனாலே விளக்கம் கேட்பார்கள். சிறிய நிறுவனத்தில் தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே பாலிசி இருக்கிறது, ரிசர்வுக்கும் உண்டு, வருடத்துக்கு இத்தனை தடவை என்று எண்ணிக்கையும் இருக்கிறது. எண்ணிக்கை வைத்தது கஞ்சத்தனம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எண்ணிக்கை இருந்தால் அது உரிமை, மேலாளரின் மனநிலையைப் பொறுத்து மாறாது.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தில் ஒரு பங்கு அதிகம் என்பது சிறிய தொகை இல்லை. ஆனால் வீட்டுக்கு வெளியே கழிக்கும் ஓர் இரவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. சிறிய நிறுவனத்தின் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால், பெரிய நிறுவனம் 120 கொடுத்து 22 இரவை எடுத்துக்கொள்கிறது, இரவுக்கு ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. சிறிய நிறுவனம் ரிசர்வ் காலத்தில் 100 கொடுத்து 18 இரவு எடுக்கிறது, அதுவும் ஏறக்குறைய ஐந்தரைதான். நிலையான அட்டவணை வந்த பிறகு நூற்றுக்குப் பதினாறு இரவு, ஆறேகால். நல்ல ட்ரிப்புகள் அமைந்த மாதத்தில் பன்னிரண்டு இரவு, எட்டுக்கு மேல். க்ராஷ் பேட் வாடகை இரண்டு பக்கமும் உண்டு என்பதால் சேர்க்கவில்லை. இன்னொன்று, காலியாகும் ட்ரிப்பைக் கடைசி நேரத்தில் கூடுதல் சம்பளத்துக்கு எடுக்கும் வாய்ப்பு பேஸில் குடியிருப்பவருக்குத்தான். கம்யூட் செய்பவர் அதை வருமானக் கணக்கில் எழுதவே கூடாது.

எனக்கு எதிரான வாதம்

இவ்வளவும் சிறிய நிறுவனத்துக்குச் சாதகமாகப் போகிறது. ஆனால் மறுபக்கத்தில் கனமான ஒன்று இருக்கிறது, அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சீனியாரிட்டி ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூட வராது. இருபது வருடம் பறந்தவரும் புதிய இடத்தில் பட்டியலின் அடியில்தான் நிற்பார். அதனால் இன்று எடுக்கும் முடிவைப் பின்னால் மாற்றினால், மறுபடி ரிசர்வ், மறுபடி புரொபேஷன். எனக்கு இப்போது 41. ஓய்வு வயது 65. இன்னும் 24 வருடம். பெரிய நிறுவனத்தின் பட்டியலில் எனக்கு மேலே மூத்தவர்கள் நிறைய, அவர்கள் வரிசையாக 65-ஐ எட்டி இறங்கும்போது நான் தானாக மேலே போவேன். பத்தாவது வருடத்தில் அங்கே எனக்குக் கிடைக்கும் அட்டவணை, சிறிய நிறுவனத்தில் கிடைப்பதைவிட நன்றாக இருக்கக்கூடும். பெரிய விமானத்தில் கண்டம் தாண்டும் ட்ரிப் என்றால் மாதத்துக்கு மூன்று தடவை கிளம்பினாலே போதும். கிளம்பும் தடவை குறைவதுதான் கம்யூட் செய்பவருக்கு நிஜமான விடுதலை.

சிறிய நிறுவனத்தின் பட்டியல் இளமையானது. மேலே இருப்பவர்களும் என் வயதுக்காரர்கள், நிறுவனம் வளர்ந்தால்தான் நான் வளர்வேன். ஒரே வகை விமானம் என்பதால் அந்த விமானத்துக்கு ஏதாவது என்றால் எல்லோருக்கும் ஏதாவது. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது பேஸ்தான். நான் இந்த நிறுவனத்தை விரும்புவதற்கான முழுக் காரணமும் அந்த ஒரு பேஸ். பேஸை மூடிவிட்டால் காரணமும் மூடிவிடும். பெரிய நிறுவனங்களும் பேஸை மூடுவது உண்டு, ஆனால் அவர்களிடம் மாறிப்போக வேறு நாலு இடம் இருக்கும். வேலை குறைத்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே போவார் என்பது இரண்டு இடத்துக்கும் பொதுவான விதி.

இந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பத்து வருடம் கழித்துக் கிடைக்கக்கூடிய நல்ல அட்டவணைக்காக, இப்போது இரண்டு வருடம் மாதத்துக்கு எட்டு இரவோடு வாழ வேண்டுமா என்பதுதான் கேள்வி. மகளுக்கு இப்போது ஆறு வயது. பத்து வருடம் கழித்து நான் வீட்டில் நிறைய இருப்பேன், அவள் அப்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் வயதில் இருப்பாள்.

இடம் மாறத் தயாராக இருப்பவருக்கு என் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர் யோசிக்காமல் பெரிய நிறுவனத்துக்குப் போகலாம். ஷார்ட் கால் அவருக்குச் சொந்தக் கட்டிலில் கிடைக்கும் ஓய்வு, கூடுதல் ட்ரிப் கைக்கெட்டும் தூரத்தில். முப்பது வயதுக்குள் இருப்பவர், தனியாள், இரண்டு வருட அடுக்குக் கட்டிலைத் தாங்கக்கூடியவர் என்றாலும் அப்படித்தான் சொல்வேன். 35 வருடத்துக்குச் சீனியாரிட்டி வளரும்போது முதல் இரண்டு வருடம் சின்ன விலை. இவை இரண்டிலும் சேராமல் மூன்றாவது வகை வேலையும் இருக்கிறது: சில சரக்கு நிறுவனங்கள் வீட்டுப் பக்கத்து விமான நிலையத்திலிருந்தே உறுதியான டிக்கெட் வாங்கிக் கொடுக்கும், பதிலுக்கு ஒரே மூச்சில் இரண்டு வாரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கும். அது என் கையில் வந்த கடிதம் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

முடிவெடுப்பதற்கு முந்தைய நாள் மூன்று பேருக்குப் போன் செய்தேன். ஆள் எடுக்கும் பிரிவுக்கு இல்லை, அந்தந்த பேஸில் இப்போது ரிசர்வில் இருப்பவர்களுக்கு. போன மாதம் நிலையான அட்டவணை கிடைத்த கடைசி ஆள் எப்போது சேர்ந்தவர், ரிசர்வில் எத்தனை நாள் ஷார்ட் கால் எத்தனை நாள் லாங் கால், கம்யூட்டர் பாலிசியைக் கடைசியாக யார் பயன்படுத்தினார், அவருக்கு என்ன ஆனது. இந்த மூன்று கேள்விதான். பெரிய நிறுவனத்தில் பேசியவர் நல்ல மனிதர், நேர்மையாகச் சொன்னார்: இரண்டு வருடம் என்று சொல்வது நல்ல காலத்துக் கணக்கு, அவர் இருபத்தெட்டாவது மாதத்தில் இருக்கிறார், லாங் கால் மூத்தவர்களுக்கே தீர்ந்துவிடுகிறது. சிறிய நிறுவனத்தில் பேசிய இருவரில் ஒருவர், பாலிசியை நவம்பரில் பயன்படுத்தியதாகவும், ட்ரிப்பின் சம்பளம் போனதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை என்றும் சொன்னார். இன்னொருவர் ஏழாவது மாதத்தில் அட்டவணை பெற்றவர்.

மறுநாள் காலை சிறிய நிறுவனத்துக்குச் சம்மதம் எழுதி அனுப்பினேன். பெரிய நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் மறுப்பு எழுதிவிட்டு விடவில்லை, என்னை நேர்காணல் செய்தவரைக் கூப்பிட்டே சொன்னேன். காரணம் கேட்டார். உங்கள் பேஸுக்கு நாளுக்கு ஒரே விமானம், ரிசர்வில் கம்யூட்டர் பாலிசி இல்லை, அவற்றில் ஒன்று வேறு மாதிரி இருந்திருந்தால்கூட என் பதில் மாறியிருக்கும் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பயிற்சி வகுப்பு அடுத்த மாதம் ஆறாம் தேதி தொடங்குகிறது. அதற்கு முன்னால் க்ராஷ் பேடில் ஒரு கட்டில் பார்க்க வேண்டும், ஜன்னல் இல்லாத அறையாக இருந்தால் நல்லது, பகலிலும் தூங்கலாம்.